கறவைக்கு ஜமுனாபாரி வாங்குகிறவர்கள் கவனத்துக்கு

காது தொங்கி, மூக்கு வளைந்து, இடுப்பு உயரத்துக்கு நின்றால் போதும், நம் சந்தைகளில் அந்த ஆடு ஜமுனாபாரி ஆகிவிடுகிறது. விலையும் அதற்கேற்ப ஏறிவிடுகிறது. பக்கத்தில் போய்ப் பார்த்தால் பாதிக்கு மேல் பீட்டல், சிரோகி என்ற வேறு வடநாட்டு இனங்களின் கலப்பு, அல்லது எது எதனுடைய கலப்பு என்று விற்பவருக்கே தெரியாத வடநாட்டு ஆடு. சொந்த மண்ணில் தூய ஜமுனாபாரி சுருங்கிக்கொண்டே வருகிறது. வெளியே அதன் பெயர் மட்டும் பெருகிக்கொண்டே போகிறது.

அதைவிடப் பெரிய குறை, வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் இதைக் கறப்பதே இல்லை. உயரத்துக்கும் எடைக்கும் வாங்கி, பக்ரீத் நேரத்தில் கிடாவை விற்றுக் காசு பார்ப்பதோடு சரி. இது கறவை ஆடு. பாலை அளக்காமல், உயரமான கிடாவைப் பார்த்துப் பார்த்தே இணைசேர்த்தால் சில தலைமுறையில் மடி சிறுத்துவிடும், காது மட்டும்தான் மிஞ்சும். கறக்கப்போவதில்லை என்றால் இந்த இனத்தை வாங்க வேண்டாம் என்பதே என் கருத்து. கறிக்கு நம் ஊர் ஆடுகளே போதும்.

சக்கர்நகர் பள்ளங்கள்

உத்தரப் பிரதேசத்தின் எட்டாவா மாவட்டத்தில் சக்கர்நகர் வட்டாரம்தான் இதன் தாயகம். யமுனையும் சம்பலும் ஒன்றையொன்று நெருங்கி வரும் இடம் அது. சம்பலைத் தாண்டி மத்தியப் பிரதேசத்தின் பிண்ட் மாவட்டத்திலும் கொஞ்சம் உண்டு. இரண்டு ஆறுகளும் வண்டல் மண்ணை அரித்து அரித்து உண்டாக்கிய ஆழமான பள்ளக்காடுகளை அந்த ஊரில் பீஹட் என்பார்கள். உழவுக்கு ஆகாத நிலம். ஆனால் வேல மரம், இலந்தை, வன்னி, வேம்பு என்று தழைக்குப் பஞ்சமில்லாத நிலமாக இருந்தது.

இந்த ஆட்டின் உடம்பே அந்தத் தழைக்கென்று அமைந்தது. கால் நீளம், பின்னங்கால்களை ஊன்றி நிமிர்ந்து, தலைக்கு மேலிருக்கும் கிளையை இழுத்து உருவித் தின்னும். கிளி அலகுபோல் வளைந்த வாய் கிளையிலிருந்து இலையை உருவத் தோதானது. தரையோடு தரையாக இருக்கும் புல்லைக் கடிக்க அவ்வளவு வராது. புல் மேய்ச்சலில் விட்ட ஜமுனாபாரி மெலிவதற்கு முதல் காரணம் இதுதான். இரண்டாவது காரணம், தரையோடு மேயும்போது குடற்புழுவின் இளம்புழுக்களைச் சேர்த்து விழுங்குவது. தலைமுறை தலைமுறையாகக் கிளையில் தின்றுவந்த ஆடு புழுவுக்குப் பழகியதல்ல.

தாயகத்தில் இந்த இனம் சுருங்கியதற்குக் காரணங்கள் மூன்று. பள்ளங்களைச் சமன்செய்து வயலாக்கியதில் மேய்ச்சல் காடு குறைந்தது. மிச்சமிருந்த இடத்தில் சீமைக் கருவேல் நுழைந்தது. அதன் நெற்றை ஆடு தின்னும், இலையைத் தொடாது. இன்னொரு பக்கம், நல்ல பெட்டையாகத் தேடித் தேடி வெளியூர்க்காரர்கள் வாங்கிப் போனார்கள். மூன்றாவது, வரவுசெலவுக் கணக்கு. எட்டாவாவுக்கு மேற்கே ஆக்ரா, அலிகர் பக்கத்து பார்பரி சின்ன ஆடு. கட்டுத்தறியில் வளரும், குட்டி சீக்கிரம் சீக்கிரம் போடும், பெரும்பாலும் இரட்டையாகப் போடும். ஜமுனாபாரி தலையீற்றுக்கே ஏறக்குறைய இரண்டு வயதாகிறது. அதன் பிறகும் பெரும்பாலும் ஆண்டுக்கு ஓர் ஈற்று, பாதிக்குப் பாதி ஒற்றைக் குட்டி. குட்டியை விற்றுப் பிழைக்கும் சிறு விவசாயி பார்பரிக்கு மாறியதில் தப்பு சொல்ல முடியாது. பாலுக்கு விலை கிடைக்காத இடத்தில் பால் ஆடு நிற்காது.

மதுரா அருகே மக்தூமில் 1979இல் தொடங்கிய மத்திய வெள்ளாட்டு ஆராய்ச்சி நிறுவனம் தூய மந்தை ஒன்றை வைத்துப் பராமரிக்கிறது. பால் பதிவோடு கூடிய பொலிகிடா வேண்டும் என்றால் முதலில் கேட்டுப் பார்க்க வேண்டிய இடம் அதுதான். வரிசையில் காத்திருக்க வேண்டியிருக்கும், பரவாயில்லை.

வெளிநாட்டுக்கு இது என்றைக்கோ போய்விட்டது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் கப்பலேறிய இந்திய, எகிப்தியக் கிடாக்களை ஆங்கிலேய ஆடுகளோடு சேர்த்து உண்டானதுதான் ஆங்கிலோ நூபியன். டச்சுக்காரர் காலத்தில் ஜாவாவுக்குப் போனது அங்குள்ள கச்சாங் ஆட்டோடு கலந்து 'பெரனாகன் எட்டாவா' ஆயிற்று. ஊர்ப் பெயரை அவர்கள் விடவில்லை.

எதைப் பார்த்து வாங்குவது

நிறம் முதல் சல்லடை. தூய ஆடு வெள்ளை. முகம், கழுத்து, காதில் பழுப்புத் திட்டுகள் இருக்கலாம். முழுக் கறுப்பு, முழுப் பழுப்பு, உடம்பெல்லாம் புள்ளி என்றால் பீட்டல் பக்கமோ வேறு பக்கமோ போய்விட்டது என்று பொருள். மூக்குத்தண்டு நன்றாகப் புடைத்திருக்கும், அதன்மேல் ஒரு முடிக்கற்றை இருக்கும். காது தட்டையாக, நீளமாகத் தொங்கும். 25 சென்டிமீட்டருக்குக் குறையாமல் பாருங்கள். கொம்பு கிடா, பெட்டை இரண்டுக்கும் உண்டு, சின்னது, தட்டை. பீட்டல் கொம்பு தடித்து முறுக்கியிருக்கும். பின்தொடையில் கால்சட்டை போட்டதுபோல் அடர்ந்து தொங்கும் நீள முடி இந்த இனத்தின் முத்திரை. சந்தைக்குக் கொண்டுவரும்போது அதைக் கத்தரித்திருந்தால் ஏன் என்று கேளுங்கள். கழிச்சல் ஒட்டியதை மறைக்கவும் கத்தரிப்பார்கள்.

தோள் உயரம் சுமார் 75 சென்டிமீட்டர். தாயகத்துக் கிராமங்களில் வளர்ந்த பெட்டை சராசரியாக 38 கிலோ, கிடா 45 கிலோவை ஒட்டித்தான் இருக்கும். நல்ல தீவனத்தில் இதைவிட நன்றாகவே ஏறும். காணொளிகளில் நூறு கிலோவுக்கு மேல் காட்டப்படும் கிடாக்கள் விற்பனைக்காகத் தீனி ஏற்றப்பட்டவை. அவற்றின் மகள்கள் எவ்வளவு கறந்தன என்று கேட்டால் பதில் வராது.

வாயைத் திறந்து பார்ப்பது கட்டாயம், அதுவும் இரண்டு காரணத்துக்காக. ஒன்று வயது. பால் பல் மட்டும் என்றால் ஒரு வயதுக்குள். ரெண்டு பல் (பால் பல் விழுந்து முளைத்த பெரிய பல்) ஒன்றேகால் வயதை ஒட்டி. நாலு பல் இரண்டு வயதை ஒட்டி. ஆறு பல் இரண்டரை முதல் மூன்று. கடைப் பல்லும் முளைத்தது மூன்றரைக்கு மேல். கறவைக்கு நாலு பல், ஆறு பல்லில், கறவையிலிருக்கும் பெட்டையாக வாங்குவது நல்லது. மற்றது தாடை. இந்த இனத்தில் கீழ்த்தாடை சற்று முன்னே இருப்பது சகஜம். ஆனால் கீழ்ப்பற்கள் மேல் ஈறுத்திட்டில் படவே படாமல் விரலகலம் துருத்தியிருந்தால் அந்த ஆட்டைப் பெருக்கக் கூடாது. மூக்கு எவ்வளவு வளைந்ததோ அவ்வளவு அழகு என்று தேடிச் சேர்த்துக்கொண்டே போனால் பால் குடிக்கத் திணறும் குட்டிகள்தான் வரும்.

மடியைக் கறந்த பிறகு பாருங்கள், கறக்கும் முன் அல்ல. கறந்ததும் தோல் பைபோலச் சுருங்க வேண்டும். கறந்த பிறகும் கெட்டியாகவே இருந்தால் அது சதை மடி, அல்லது பழைய மடிநோயின் தழும்பு. மடிக்குள் விரலை அழுத்தித் தடவினால் பட்டாணிபோல் கட்டி தட்டுப்படுகிறதா, இரண்டு பக்கமும் சமமா, காம்பில் உபரிக் காம்பு ஒட்டியிருக்கிறதா, எல்லாம் பார்க்க வேண்டும். இந்த இனத்தில் காம்பு பெரிதாக, கூம்பாக இருக்கும். அளவோடு இருந்தால் கைக்கு அடங்கும், கறக்கச் சுகம். புட்டிபோல் உப்பிய காம்பு குட்டியின் வாய்க்குள் போகாது.

ஒரு வேளைப் பாலைக் கறந்து காட்டச் சொல்வது மட்டும் போதாது. முந்தின வேளை கறக்காமல் தேக்கி வைத்திருப்பார்கள். மாலையில் உங்கள் கண்முன்னே ஒட்டக் கறக்கச் சொல்லி, குட்டியைப் பிரித்துக் கட்டி, மறுநாள் காலை அதே நேரத்துக்குக் கறந்து எடை போட்டால்தான் 12 மணி நேரக் கணக்கு. அதை இரண்டால் பெருக்கினால் ஒரு நாள் பால். 190 நாள் கறவையில் 200 கிலோ என்பது நல்ல சராசரி. அதாவது நாளுக்கு ஒரு கிலோவை ஒட்டி. உச்சத்தில் இரண்டு கிலோ தரும் பெட்டை நல்ல பெட்டை. நாளுக்கு நாலு லிட்டர், அஞ்சு லிட்டர் என்பவரிடம் 12 மணி நேரக் கணக்கைக் கேளுங்கள்.

கொண்டுவருவது

எட்டாவாவிலிருந்து தமிழ்நாட்டுக்கு ஏறக்குறைய 2000 கிலோமீட்டர். வழியில் சாவதைவிட வந்து இறங்கிய இரண்டு வாரத்துக்குள் சாவதுதான் அதிகம். நெரிசல், தாகம், காற்று, தீவன மாற்றம் எல்லாம் சேர்ந்து நுரையீரலில் போய் உட்காரும். அல்லது வழியில் வேறு மந்தையிலிருந்து தொற்றிய ஆட்டுக்கொல்லி நோய் வெளிப்படும். நவம்பர் முதல் பிப்ரவரிக்குள் கொண்டுவாருங்கள். ஆட்டுக்கொல்லி, துள்ளுமாரித் தடுப்பூசிகளை அங்கேயே போட்டு, மூன்று வாரம் கழித்து ஏற்றச் சொல்லுங்கள். மூன்று மாதத்துக்கு மேல் சினையான பெட்டையை ஏற்றவே கூடாது. அங்கே தின்ற தீவனத்தில் ஒரு வாரத்துக்கானதைக் கையோடு கொண்டுவந்து, நம் தீவனத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து 10 நாளில் மாற்ற வேண்டும்.

இறங்கியதும் முதல் வேலை தண்ணீர், அதுவும் உப்பும் வெல்லமும் கரைத்த வெதுவெதுப்பான தண்ணீர், அளவோடு. அடர்தீவனம் முதல் இரண்டு நாள் வேண்டாம். காய்ந்த கடலைக்கொடியும் தழையும் போதும். பசியோடு வந்த ஆட்டின் முன் மக்காச்சோளத்தைக் கொட்டினால் வயிற்றில் அமிலம் ஏறி அன்றிரவே படுத்துவிடும். பழைய மந்தையிலிருந்து 30 நாள் தனியே வைத்து, அந்த நாட்களில் காலையில் வெப்பமானியால் சூடு பாருங்கள். 104 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டினால் மருத்துவரைக் கூப்பிட வேண்டியதுதான். அதே மாதத்தில் இரத்தம் எடுத்து, கருச்சிதைவை உண்டாக்கும் புருசெல்லா கிருமிக்கான பரிசோதனை செய்துவிடுவது கறவை மந்தைக்குக் கட்டாயம். அது மனிதனுக்கும் தொற்றும். ஆட்டுப் பாலைக் காய்ச்சாமல் குடித்தால் மருந்து என்பவர்கள் இதை நினைத்துக்கொள்ள வேண்டும்.

தழையும் தீவனமும்

40 கிலோ பெட்டைக்கு நாளொன்றுக்கு மூன்று முதல் நாலு கிலோ பசுந்தழை, அரை கிலோவுக்குக் குறையாமல் காய்ந்த கடலைக்கொடி அல்லது துவரைப் பொட்டு. தழைக்கு அகத்தி, சவுண்டல், கிளைரிசிடியா, வாகை, கொடுக்காப்புளி, வேம்பு, பூவரசு என்று மாற்றி மாற்றிப் போடுங்கள். ஒரே தழையைத் தினமும் போட்டால் இந்த ஆடு மூன்றாம் நாளே முகத்தைத் திருப்பிக்கொள்ளும். சவுண்டலைப் பசுந்தீவனத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போடாதீர்கள்; அதிகமானால் முடி கொட்டும். கிளைரிசிடியாவை வெட்டி அரை நாள் வாடவிட்டுப் போட்டால்தான் வாய் வைக்கும்.

போடுகிற விதம் அளவைவிட முக்கியம். தழையைக் கட்டாகக் கட்டி, தரையிலிருந்து ஒரு மீட்டருக்கு மேல் தொங்கவிடுங்கள். ஆடு தலையை நிமிர்த்தித் தின்ன வேண்டும். தரையில் கொட்டினால் பாதியை மிதிக்கும். மிதித்ததை மறுபடி முகர்ந்துகூடப் பார்க்காது. தீவனம் ஆகாத ஆடு என்று இதற்குப் பெயர் வந்ததே இப்படித் தரையில் கொட்டிப் பார்த்தவர்களால்தான்.

அடர்தீவனம் 100 கிலோவுக்கு: உடைத்த மக்காச்சோளம் 40, கடலைப் பிண்ணாக்கு 20, கோதுமைத் தவிடு 25, துவரை அல்லது உளுந்துக் குருணை 12, தாது உப்புக் கலவை 2, சாதா உப்பு 1. பிண்ணாக்கில் பூஞ்சை வாடை அடித்தால் விலை குறைவென்று வாங்காதீர்கள். அதன் நச்சு பாலிலும் இறங்கும். உடம்புக்கு 250 கிராம், கறக்கும் ஒவ்வொரு லிட்டருக்கும் 350 முதல் 400 கிராம் கூடுதல். ஒன்றரை லிட்டர் கறக்கும் பெட்டைக்கு ஆகக்கூடி 800 கிராம் வரும். அதை இரண்டு மூன்று வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். சினையின் கடைசி ஒன்றரை மாதம் 200 முதல் 300 கிராம் கூட்ட வேண்டும். அந்த நேரத்தில் தீனி குறைந்து வயிற்றில் இரட்டைக் குட்டியும் இருந்தால் ஆடு சோர்ந்து, பல்லை நறநறத்து, மூச்சில் இனிப்பு வாடையோடு படுத்துவிடும். உடம்புக் கொழுப்பைக் கரைத்துக் குட்டிக்குக் கொடுக்கப் போய் இரத்தத்தில் ஏறும் நச்சு அது. சினைக்காலம் முழுதும் கொழுக்க வைத்துவிட்டுக் கடைசியில் தீனியைக் குறைத்தாலும் இதே கதிதான்.

சீமைக் கருவேல் நெற்று நமக்குச் சும்மா கிடைக்கிறது. உலர்த்தி, விதையோடு அரைத்து, அடர்தீவனத்தில் ஐந்தில் ஒரு பங்கு வரை மக்காச்சோளத்துக்குப் பதிலாகச் சேர்க்கலாம். முழு நெற்றாகக் கொடுத்தால் விதை செரிக்காமல் புழுக்கையோடு விழுந்து தோட்டமெங்கும் முளைக்கும். அதையே மாதக்கணக்கில் முக்கிய உணவாக்கினால் தாடைக்குப் போகும் நரம்பு கெட்டு, ஆடு மெல்ல முடியாமல் வாயில் தீனி தேங்கும்.

தண்ணீர் வெயில் காலத்தில் ஆறு லிட்டர், கறவைக்கு அதற்கு மேலும். அகலத் தொட்டியில் வைத்தால் குடிக்கும்போதெல்லாம் இரண்டு காதும் தண்ணீரில் கிடக்கும். ஈரக் காதில் ஈ மொய்த்து, நுனியில் புண்ணாகி, மழைக்காலத்தில் புழு வைத்துவிடும். வாய் குறுகின, 20 சென்டிமீட்டர் விட்டமுள்ள வாளியை உயரத்தில் மாட்டினால் முகம் மட்டும் உள்ளே போகும், காது வெளியே விழும். தீவனத் தொட்டியின் தடுப்புச் சட்டத்திலும் இதே எச்சரிக்கை. மற்ற ஆட்டுக்கு வைக்கும் இடைவெளியில் காது மடங்கிச் சிக்கி, பயந்து இழுத்து, கிழிந்துபோகும். கம்பிவேலி ஓரத்தில் கட்டுவது இன்னும் மோசம். அடையாளத்துக்குப் பிளாஸ்டிக் தோடு போடுவதானால் காதின் அடிப்பக்கம், தலையை ஒட்டிப் போடுங்கள். நடுக்காதில் போட்டால் கனத்தில் இழுத்துக்கொண்டு கிழியும். வெளிறிய காதின் உட்புறத்தில் பச்சை குத்திய எண் தெளிவாகத் தெரியும், தொலையவும் தொலையாது.

கொட்டிலுக்குப் பரண் நல்லது. தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரம், சட்டங்களுக்கிடையே ஒன்றரை சென்டிமீட்டருக்கு மேல் போகாத இடைவெளி. பெட்டைக்கு ஒன்றரை சதுர மீட்டர் கொடுங்கள். வழக்கமான ஒரு சதுர மீட்டர் இந்த உடம்புக்குப் போதாது. கூரை விளிம்பு உயரமாக இருக்கட்டும், இவை முன்னங்காலைத் தூக்கி எதன்மேலும் சாய்ந்து நிற்கும். நம் கடலோர ஈரக்காற்று இந்த ஆட்டுக்கு எதிரி. சம்பல் பக்கத்து வெயில் நம் வெயிலைவிடக் கடுமை, ஆனால் வறண்ட வெயில். பின்தொடை முடி நனைந்து சாணி ஒட்டினால் ஈயும் வரும், கறக்கும் பாலில் அழுக்கும் விழும்; கறவைக் காலத்தில் மடியைச் சுற்றியுள்ள முடியை மட்டும் கத்தரித்துவிடுங்கள்.

கறவை

தினமும் ஒரே ஆள், ஒரே நேரம், ஒரே மேடை. மேடை 40 சென்டிமீட்டர் உயரம் இருந்தால் குனியாமல் கறக்கலாம். மடியை வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியால் துடைத்து, உலர் துணியால் ஒற்றுங்கள். ஈர மடியில் கறந்தால் அந்த ஈரம் அழுக்கோடு பாலில் சொட்டும். முதல் இரண்டு மூன்று பீச்சைத் தனியே ஒரு கறுப்புத் துணிமேல் விட்டுப் பாருங்கள். திரி, துணுக்கு, மஞ்சள் நிறம், உப்புக் கரிக்கும் பால் எதுவென்றாலும் மடிநோயின் தொடக்கம். அந்த ஆட்டைக் கடைசியாகக் கறக்க வேண்டும்.

காம்பின் அடியை ஆள்காட்டி விரலாலும் கட்டை விரலாலும் நெரித்து, பால் மேலே ஏறாமல் அடைத்துக்கொண்டு, மற்ற விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி அழுத்தும் முழுக்கைக் கறவைதான் சரி. கட்டை விரலை மடக்கி, அதன் முட்டியால் இழுக்கும் பழக்கம் நம் பக்கம் அதிகம். அது காம்பின் உட்சுவரைக் காயப்படுத்தும், நாளடைவில் காம்புக்குள் கட்டி விழும். ஏழு நிமிடத்துக்குள் முடியுங்கள். ஒட்டக் கறந்த பிறகு அரை சதவீத அயோடின் கரைசலில் காம்பை நனைத்துவிட்டு, தீவனம் போட்டு அரை மணி நேரம் நிற்கவையுங்கள். காம்புத் துளை மூடுவதற்கு அவ்வளவு நேரம் ஆகும். உடனே படுத்தால் தரையிலுள்ள கிருமி நேரே உள்ளே போகும்.

பாலில் வாடை அடிப்பதற்குப் பெரும்பாலும் ஆடு காரணமல்ல, கிடா காரணம். கிடாவின் நாற்றத்தைப் பால் இழுத்துக்கொள்ளும். கிடாவைக் கறவை இடத்திலிருந்து நன்றாகத் தள்ளி, காற்று வீசும் திசைக்குக் கீழ்ப்பக்கம் கட்டுங்கள். கிடாவைத் தடவிய கையோடு கறக்க உட்காராதீர்கள். அடுத்த காரணம் வடிகட்டிய பாலைச் சூடு ஆறாமல் மூடி வைப்பது. பாத்திரத்தோடு குளிர்ந்த நீரில் இறக்கி உடனே ஆற்ற வேண்டும்.

ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தாய்ப்பாலுக்குப் பதில் ஆட்டுப்பாலை மட்டும் கொடுக்கலாம் என்று சொல்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஆட்டுப் பாலில் ஃபோலிக் அமிலம் மிகக் குறைவு. அதை மட்டுமே குடித்து வளரும் குழந்தைக்கு இரத்தச்சோகை வரும். விற்கிற நாம் இதைச் சொல்லித்தான் விற்க வேண்டும்.

சினையான மூன்றாம் மாத முடிவில் கறவையை நிறுத்திவிடுங்கள். சினைக்காலம் 150 நாள். கடைசி இரண்டு மாதம் மடிக்கு ஓய்வு கிடைத்தால்தான் அடுத்த ஈற்றில் பால் இருக்கும்.

குட்டி

பிறக்கும்போது மூன்று முதல் நாலு கிலோ. கால் நீளம் என்பதால் எழுந்து நிற்கவே தடுமாறும். தாயின் காம்போ பருத்து விறைத்திருக்கும். குட்டி முட்டி முட்டிப் பார்த்துச் சோர்ந்து படுத்துவிட்டால் சீம்பால் போகாமல் மூன்றாம் நாள் செத்துப்போகும். அதனால் ஈன்றதும் இரண்டு காம்பையும் கொஞ்சம் பீச்சி, அடைப்பை எடுத்து, விறைப்பைத் தளர்த்தி, குட்டியை ஏந்திப் பிடித்து வாயில் வையுங்கள். குடிக்கவில்லையென்றால் கறந்து புட்டியில் கொடுங்கள். முதல் ஒரு மணி நேரத்துக்குள் கிலோ எடைக்கு 50 மில்லி, முதல் 24 மணி நேரத்தில் எடையில் பத்தில் ஒரு பங்கு. மூன்றரைக் கிலோ குட்டிக்கு 350 மில்லி, நாலு தடவையாக. தொப்புள் கொடியை அயோடினில் முக்க மறக்காதீர்கள்.

மூன்றாம் வாரம் முதல் இரண்டாம் மாதம் வரை குட்டி கழிந்தால் பால் செரிக்கவில்லை என்று விட்டுவிட வேண்டாம். ஈரத் தரையில் பெருகும் இரத்தக் கழிச்சல் கிருமியாக இருக்கலாம். குடற்புழு மருந்து அதைத் தொடாது. தரையைக் காயவைப்பதும், உரிய மருந்தை மருத்துவரிடம் கேட்டுக் கொடுப்பதும்தான் வழி.

பெரிய ஆட்டுக்கும் கண்ணை மூடிக்கொண்டு மாதாமாதம் புழுமருந்து ஊற்றுவதை நிறுத்துங்கள். கீழ் இமையை இழுத்து உட்புற நிறத்தைப் பாருங்கள். சிவப்பென்றால் விட்டுவிடுங்கள், வெளிறியிருந்தால் கொடுங்கள். எல்லாவற்றுக்கும் கொடுத்துக்கொண்டே இருந்தால் மருந்துக்கு அடங்காத புழுதான் பண்ணையில் மிஞ்சும். சினையான முதல் மாதத்தில் அல்பென்டசோல் என்ற புழுமருந்து கூடவே கூடாது.

இணைசேர்ப்பு

தூய இனம் வைத்திருக்கிறோம் என்பவர்களில் பலர் கோட்டைவிடுவது இங்கேதான். ஒரு கிடாவும் 20 பெட்டையும் வாங்கி, அந்தக் கிடாவையே ஐந்தாறு வருடம் வைத்திருப்பார்கள். மந்தையில் உண்மையில் எத்தனை ஆட்டின் இரத்தம் இருக்கிறது என்ற கணக்கு எளிது: கிடா எண்ணிக்கையையும் பெட்டை எண்ணிக்கையையும் பெருக்கி, நாலால் பெருக்கி, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். ஒரு கிடா, 20 பெட்டை என்றால் 80ஐ 21ஆல் வகுத்து 3.8. இரத்தக் கலப்பின் கணக்கில் அந்த 21 ஆடும் நாலு ஆட்டுக்குக்கூடச் சமமில்லை. ஒரு தலைமுறைக்குள் நெருங்கிய இரத்தம், அதாவது உறவுக்குள் சேர்வதன் அளவு, 13 சதவீதம் ஏறும். அதே 20 பெட்டைக்கு உறவில்லாத நாலு கிடா வைத்தால் 320ஐ 24ஆல் வகுத்து 13.3; ஏற்றம் 4 சதவீதத்துக்குள் அடங்கும். மகளைத் தகப்பனோடு சேர்த்தால் பிறக்கும் குட்டிக்கு ஒரே அடியில் 25 சதவீதம். பால் குறைவது, சினை நிற்காமல் போவது, பலவீனமான குட்டி எல்லாம் அங்கிருந்துதான் வருகின்றன.

நாலு கிடாவுக்குத் தீனி போட ஒருவரால் ஆகாது. அக்கம்பக்கத்தில் நாலு பேர் ஆளுக்கொரு கிடா வைத்து, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வட்டமாக மாற்றிக்கொள்ளலாம். மாற்றும் முன் புருசெல்லா பரிசோதனை கட்டாயம்.

கிடாவைத் தேர்ந்தெடுக்க அதன் தாயின் பால் பதிவு வேண்டும். தினமும் எடை போட வேண்டியதில்லை. மாதம் ஒரு நாள், குட்டியைப் பிரித்துக் கட்டி, காலையும் மாலையும் எடை போட்டு, 30ஆல் பெருக்கினால் போதும். ஆறு மாதத்துக்கு 1.4, 1.6, 1.5, 1.2, 0.9, 0.6 கிலோ என்று எழுதியிருந்தால் கூட்டுத்தொகை 7.2, முப்பதால் பெருக்க 216 கிலோ. மந்தையின் சராசரியைவிட அதிகம் கறந்த தாயின் மகனைத்தான் பொலிகிடாவாக நிறுத்த வேண்டும், அவன் உடன்பிறந்தவனைவிட இரண்டு அங்குலம் குட்டையாக இருந்தாலும். ஒன்றரை வயதுக்கு முன் அதை முழுமையாகப் பயன்படுத்த வேண்டாம். பெட்டைக்குப் பருவம் 21 நாளுக்கு ஒருமுறை வரும், ஒன்றரை நாள் வரை நிற்கும். கத்துவது, வாலாட்டுவது தெரிந்து 12 மணி நேரம் கழித்துச் சேர்த்து, அடுத்த 12 மணி நேரத்தில் இன்னொருமுறை சேர்த்தால் பெரும்பாலும் சினை நிற்கும்.

ஊர் ஆட்டோடு கலக்கலாமா என்பதுதான் அதிகம் கேட்கப்படும் கேள்வி. விருதுநகர், தூத்துக்குடி பக்கத்துக் கன்னி ஆடும், தூத்துக்குடி, ராமநாதபுரம் பக்கத்துக் கொடி ஆடும், சேலம் கருப்பும் அந்தந்த மண்ணுக்குப் பழகிய தனி இனங்கள். அந்தத் தூய மந்தையில் ஜமுனாபாரிக் கிடாவை விடாதீர்கள். இரண்டு இனமும் கெடும். எந்த இனமென்று சொல்ல முடியாத நாட்டு ஆட்டில் கலப்பதென்றால், உடம்பு பெரிய, இரண்டு ஈற்றாவது ஈன்ற பெட்டையாகப் பாருங்கள். குட்டை ஆட்டின் தலையீற்றில் இந்தக் குட்டியின் நீளக் காலும் புடைத்த தலையும் சிக்கிக்கொள்ளும். அப்படிப் பிறந்த கலப்புப் பெட்டைக்கு வீட்டுப் பாலுக்கான மதிப்பு உண்டு. கலப்புக் கிடாவை மட்டும் எட்டு மாதத்துக்குள் கறிக்கு விற்றுவிடுங்கள், அல்லது காயடித்துவிடுங்கள். சந்தைக்குப் பொலிகிடாவாகப் போனால் அதுவும் ஜமுனாபாரி என்றுதான் கைமாறும்.